துரைக்கு அரை மாத்திரை

தையல் மிஷின் மேல் காலை வெயில் சாய்வாக விழுந்திருக்கிறது. அதன் பக்கத்தில், பழைய துண்டில் கழுத்துவரை சுற்றப்பட்டு, துரை என்கிற பூனை உலகத்தையே முறைத்தபடி உட்கார்ந்திருக்கிறான். நாத்தனார் துண்டை இறுக்கிப் பிடித்திருக்க, அவளுக்கு அண்ணியான தையல்காரி அரை மாத்திரையில் வெண்ணெய் தடவுகிறாள். ஒரு வாரமாக இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. ஆனால் துரைக்கு நெஞ்சு பலவீனம். மாத்திரை ஒரு நாளும் தப்பக் கூடாது, அதற்கு நாலு கை வேண்டும். அதனால் ஜாடைப் பேச்செல்லாம் பூனையிடம்தான். "சிலருக்கு மூக்குக்கு மேல கோவம் வருதுடா துரை" என்கிறாள் நாத்தனார். "வாயத் திறடா துரை. சிலருக்கு வேண்டாத நேரத்துலதான் வாய் திறக்கும்" என்கிறாள் தையல்காரி. துரை சீறப் பார்க்கிறான். அந்த இடைவெளியில் அவள் விரல் மாத்திரையை உள்ளே தள்ளிவிட்டு வருகிறது. நேற்று இப்படித்தான் நல்ல பிள்ளை போலிருந்துவிட்டுத் துப்பினான். இருவரும் மூச்சை அடக்கி அவன் தொண்டையையே பார்க்கிறார்கள். ரோமத்துக்கு அடியில் மெல்ல ஏதோ இறங்குகிறது. ரோஜா நிற நாக்கு வெளியே வந்து மூக்கை நக்குகிறது. "முழுங்கிட்டான் அண்ணி!" சொன்ன பிறகுதான் நாத்தனார் நாக்கைக் கடித்துக்கொள்கிறாள். தையல்காரி துண்டை மெதுவாகத் தளர்த்துகிறாள். "இங்க கை வச்சுப் பாரேன், நெஞ்சு நிதானமா அடிக்குது" என்கிறாள், பூனையிடம் அல்ல.