ஓரத்தை மட்டும் பார்

"இன்னாம்மா சாராள், நானூறு பக்கத்துல ஒரு கோடுகூட இல்லியே?"

வரதன் சாருக்கு நம்பிக்கை வரவில்லை. ஸ்கேலை ஒவ்வொரு பக்கத்தின் வலது ஓரத்திலும் வைத்து வைத்துப் பார்த்தார். ஓரம் நூல் பிடித்துச் சுவர் எழுப்பியது போல நேராக இருந்தது.

வெளிநாட்டுப் புத்தகங்களை லேடெக் என்ற கம்ப்யூட்டர் மென்பொருளில் பக்கம் அமைத்துக் கொடுக்கும் அம்பத்தூர் எஸ்டேட் கம்பெனி அது. வரி முடிவில் இடம் போதாவிட்டால் கம்ப்யூட்டர் வார்த்தையை இரண்டாக உடைத்து, நடுவில் ஒரு சின்னக் கோடு போட்டுவிடும். நத்தைகளைப் பற்றி எழுதிய லண்டன் பேராசிரியருக்கோ அது ஆகவே ஆகாது. 'என் வார்த்தைகளை உடைக்காதீர்கள்' என்று கடிதமே போட்டிருந்தார். சரி, உடைக்காதே என்று கம்ப்யூட்டருக்குக் கட்டளை கொடுத்தால், ஆவடி ரயிலில் தொங்குகிறவர்கள் மாதிரி வார்த்தைகள் ஓரத்துக்கு வெளியே துருத்திக்கொண்டு நிற்கும்.

"ஒரு கோடு வந்தாலும் சரி, ஒரு எழுத்து வெளிய நின்னாலும் சரி, நீ பர்மனென்ட் கெடையாது" என்று சொல்லித்தான் வேலையைக் கொடுத்திருந்தார் வரதன் சார். "அர்த்தம் இன்னான்னு படிச்சிகினு ஒக்காராத. ஓரத்தப் பாரு, போதும்."

சாராளுக்கு இது மூன்றாவது கம்பெனி. இதுவும் போனால், அப்பா பார்த்து வைத்திருக்கும் மாப்பிள்ளைக்குக் கழுத்தை நீட்ட வேண்டியதுதான்.

பக்கங்கள் லண்டன் போயின. பத்தாம் நாள் ஃபேக்ஸ் வந்தது. வரதன் சார் அதை இரண்டு முறை படித்துவிட்டுச் சாராளைக் கூப்பிட்டார்.

"இருவது வருஷமா என் எழுத்துல வளவளப்பு ஜாஸ்தின்னு எல்லாரும் சொல்றாங்க, வேண்டாத வார்த்தைய இவ்ளோ அழகா களையெடுத்த எடிட்டர் யாரு, அடுத்த புஸ்தகத்தையும் அவர்தான் பாக்கணும்னு அந்த புரொபசரு எழுதிக்கீறாரு. நம்மகிட்ட ஏதும்மா எடிட்டர்? நீதானா?"

சாராள் மெதுவாகத் தலையாட்டினாள்.

வரதன் சார் பர்மனென்ட் ஆர்டரை எடுத்துக் கையெழுத்துப் போட்டு நீட்டினார்.

"அது சரி, எது வேணும் எது வேணாம்னு எப்டிம்மா கண்டுபுடிச்ச?"

சாராள் மை காய்ந்துவிட்டதா என்று பார்த்தாள். ஆர்டரை நாலாக மடித்துக் கைப்பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்தாள்.

"நான் எங்க சார் படிச்சேன்? ஓரத்துக்கு வெளிய எதெல்லாம் துருத்திகினு நின்னுச்சோ, அதெல்லாம் தூக்கிட்டேன்."