எழுபது சதவீதத்தில் போன கரண்ட்

நாள் முழுக்க மூட்டை சுமந்ததில் பிச்சையாவின் இடுப்பு விண்விண்ணென்று தெறித்தது. அவனுடைய இரும்பு வலது கைக்கு வலி கிடையாது. ஆனால் ஃபர்ம்வேர் அப்டேட் செய்யாத கையோடு நாளை துறைமுகத்துக்குள் விடமாட்டார்கள். அப்டேட் எழுபது சதவீதம் ஆனபோது கரண்ட் போனது. பாதியில் நின்றால் கை வெறும் இரும்புதான்.

“பேட்டரியில சார்ஜ் இருக்கான்னு பாக்காமலால ஆரம்பிச்ச, கூறுகெட்டவனே?”

திட்டிக்கொண்டே, கை அணைவதற்குள் பக்கத்து வீட்டுச் சந்தனமாரி தன் செயற்கைக் காலின் பேட்டரியைக் கழற்றி அதில் செருகினாள். அப்டேட் முடிந்தது. இரும்பு விரல்கள் ஒவ்வொன்றாக மடங்கின. பிச்சையாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

“உங்க காலு, மைனி?”

“சார்ஜ் வத்திப்போச்சு. மூட்டைதானல தூக்குத? நாளைக்கு என்னையும் மீன் கம்பெனி வேலைக்குத் தூக்கிட்டுப் போ.”

அவன் சிரித்துவிட்டான். அவளுக்கு அவன் ஒரு நாள் நடை கடன்பட்டிருந்தான்.