பங்களாத் தூசி

தோட்டத்துத் துரை லேண்ட்ரோவர் சாவியைக் கையில் எடுத்தால் போதும், பங்களா சமையற்காரன் இருளப்பனுக்குக் கூடத்து மரமுரசில் தூசி தெரிந்துவிடும். முன்பு நைஜீரியாவில் இருந்த துரை, அங்கே இக்போ மக்களிடம் வாங்கி வந்த முரசு அது. ஒரே மரத்தைக் கீறி உள்ளே குடைந்து, உடம்பெல்லாம் செதுக்கியிருந்தார்கள். தேயிலை மலையைப் பார்த்த ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு, இருளப்பன் அதை "டொக், டொக்" என்று பலமாகத் தட்டுவான்.

"கீறல்ல தூசி அடைஞ்சிக்கிது தொரை" என்பான்.

நேற்று துரை, "இத எதுக்கு அடிப்பாங்க தெரியுமா? ஊருக்கே சேதி சொல்லத்தான்" என்றார். இருளப்பன் தேத்தண்ணிக் கோப்பையை மேசையில் வைத்துவிட்டு அடுப்படிக்கு நழுவினான்.

இன்று அவன் முரசுப் பக்கமே போகவில்லை. லேண்ட்ரோவரில் கேட் வரை போன துரை, இறங்கித் திரும்பி வந்தார்.

"இருளப்பா, தூசி தட்டலையா?"

"தூ... தூசியே இல்லீங்க தொரை."

"தட்டு லா! நான் போறதுக்குள்ள, மலையில கத பேசிக்கிட்டு உக்காந்திருக்கிறவங்கல்லாம் எந்திரிச்சுக் கூடைய மாட்ட வேணாமா? தெனம் யாரு போய்க் கத்துறது?"