வாவியைப் பார்க்காத விருந்தாளிகள்

கண்டி வாவிக்கரையில் நான்கு அறை கொண்ட சின்ன விடுதி நடத்தும் அன்னலட்சுமிக்கு, ஆளைப் பார்த்தவுடன் எடைபோடுவதில் தன்னை மிஞ்ச ஊரில் ஆளில்லை என்ற நினைப்பு. சனிக்கிழமை காலை வேனில் வந்து இறங்கிய புருஷன் பெண்சாதியிடம் அந்த நினைப்பு சறுக்கியது.

"கலகெதரையில சின்னதா மரவேலை வியாபாரம் தொடங்கியிருக்கோம்மா. ஆளுங்கள எப்படி இழுக்கிறதுன்னு ரெண்டு நாள் நிம்மதியா ஒக்காந்து யோசிக்க வந்தோம்" என்றான் இராமகிருஷ்ணன். அவன் மனைவி இராஜேஸ்வரியின் கையில் குறிப்பெழுத ஒரு கொப்பி இருந்தது.

யோசிக்க வந்தவர்கள் யோசிக்க வேண்டியதுதானே? ஊர் உலகமே வந்து பார்க்கிற வாவிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, அன்னலட்சுமியின் கணவர் செல்லப்பாவிடம் குசுகுசுவென்று பேச்சு! மாநகரசபையில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். பேராதனை ஆஸ்பத்திரியில் இரண்டு தடவை நெஞ்சுவலிக்குப் படுத்து எழும்பியவர். அவள் தேத்தண்ணியோடு வந்தால் மூவரும் கப்சிப்.

பின்னேரம் செல்லப்பா அந்தக் கொப்பியில் கையெழுத்துப் போடுவதைக் கண்டாள்.

"எதுக்குங்க கையெழுத்து?"

"சும்மாதான், நீ போ."

விடுதி அவர் பெயரில் இருந்தது. அதை எழுதி வாங்கப் பார்க்கிறார்களோ?

ஞாயிறு காலை, துவாய் மாற்றப் போனவள் அறை வாசலிலேயே நின்றுவிட்டாள். உள்ளே இராஜேஸ்வரியின் குரல்.

"நம்மளுக்கு மொத ஆளு இவருதான். அந்தம்மாவுக்குத் தெரியாம இன்னைக்கே முடிச்சிடணும்."

முப்பத்தெட்டு வருஷம் சண்டை பிடித்து, சமாதானமாகி, காப்பாற்றி வைத்திருக்கும் மனுஷனை எவளோ வந்து முடிப்பதா? அன்னலட்சுமி ஓடிப்போய்ப் பொலிசுக்கு போன் போட்டாள்.

சார்ஜன்ட் மஹ்மூத் கால் மணித்தியாலத்தில் வந்துவிட்டார். அவரும் அன்னலட்சுமியும் விறாந்தைக்கு ஓடினார்கள். அங்கே செல்லப்பா மர வாங்கில் மல்லாந்து, கண்ணை மூடி, கைகளை நெஞ்சில் கோர்த்துக் கிடந்தார். இராமகிருஷ்ணன் அவரை உச்சந்தலையிலிருந்து உள்ளங்கால் வரை டேப்பால் அளந்துகொண்டிருந்தான்.

"ஐயோ, முடிச்சிட்டானே பாவி!"

அந்த அலறலில் செல்லப்பா துள்ளி எழும்பி உட்கார்ந்தார். அன்னலட்சுமிக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

மஹ்மூத் வேனின் பின்கதவைத் திறந்தார். உள்ளே பளபளவென்று மினுக்கிய ஒரு சவப்பெட்டி.

"பாத்தீங்களா சார்! கையோட பெட்டியும் கொண்டாந்திருக்கான்!"

இராமகிருஷ்ணன் கையெடுத்துக் கும்பிட்டான்.

"அம்மா, அது சாம்பிள். நாங்க மலர்ச்சாலை நடத்துறோம். செத்த வீட்டுக்குப் பெட்டி செய்யிறவன்னா யாரும்மா ரூம் தருவாங்க? ஒரு வாய் தேத்தண்ணிகூடத் தரமாட்டாங்க. அதான் மரவேலைன்னு சொன்னோம்."

"அதுக்கு உசுரோட இருக்கிறவர எதுக்குடா அளந்தே?"

இராமகிருஷ்ணன் செல்லப்பாவைப் பார்த்தான். செல்லப்பா தரையைப் பார்த்தார்.

"நான்தான் அளக்கச் சொன்னேன், அன்னம். எனக்கு ஒன்னு ஆனா நீ தனியா யார்கிட்ட போய் அலைவே? நெனச்சாலே மனசு கேக்கல."

அன்னலட்சுமியின் கண் கலங்கிவிட்டது. "அதுக்காக இப்பவேவா?"

"வாவிக்கரையில ஒக்காந்து புதுசா ஒரு திட்டம் போட்டிருக்காங்க. கொப்பியில கையெழுத்துப் போட்டது அதுக்குத்தான். இன்னைக்குள்ள அளவும் குடுத்தா, ஒன்னு எடுத்தா இன்னொன்னு பாதி விலை" என்ற செல்லப்பா, குரலைத் தணித்துக்கொண்டு சொன்னார்:

"ஒன்னோட அளவ நேத்து மத்தியானம் நீ தூங்கும்போதே எடுத்தாச்சு."