மச்சானோடு ஒரு வெள்ளோட்டம்

இரண்டு காதிலும் பஞ்சை அடைத்துக்கொண்டு உள்ளே வந்த டிரைவர், லாரிச் சாவியை முதலாளியின் மேஜைமேல் விட்டெறிந்தான்.

"உங்க சங்காத்தமே வேணாம் சார். அந்த வண்டியில இன்னொரு தடவை ஏறினா எனக்குப் பைத்தியம் பிடிச்சிரும்!"

முதலாளி எழுந்து அவன் கையைப் பிடித்தார், தோளைத் தட்டினார், காலில் விழாத குறையாகக் கெஞ்சினார். அவன் தன் காதுகளைத் தொட்டுக் காட்டிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் வெளியேறினான்.

வேலை கேட்டு வந்து எதிர் நாற்காலியில் உட்கார்ந்திருந்த பெண்ணுக்கு இதில் ஒரு சத்தமும் கேட்கவில்லை. பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது வந்த காய்ச்சல் இரண்டு காதையும் கொண்டுபோய்விட்டது. பேச்சு மட்டும் மிஞ்சியது. எதிரில் இருப்பவரின் உதட்டைப் பார்த்தே என்ன சொல்கிறார் என்று படித்துவிடுவாள். ஆனால் இந்த முதலாளியின் மீசை பாதி வார்த்தைகளை விழுங்கித் தொலைத்தது.

டிரைவர் வருவதற்குச் சற்று முன்புதான் அந்த மீசை அவளுக்கு வேலை இல்லை என்று சொல்லி முடித்திருந்தது.

"லாரி லைசன்ஸ் வெச்சிருக்கீங்க, சரி. பின்னாடி வர்றவன் ஹார்ன் அடிச்சா உங்களுக்கு எப்படிம்மா கேக்கும்?"

"ஹார்ன் அடிக்கிறவன் கண்ணாடியில தெரிவான் சார்" என்று அவளும் சொல்லிப் பார்த்தாள். எடுபடவில்லை. ஏறி இறங்கிய கம்பெனிகள் எல்லாவற்றிலும் இதே கேள்வி, இதே கைவிரிப்பு.

வீட்டுக்கு எந்த முகத்தோடு போவது? லைசன்ஸ் கைக்கு வந்த அன்றே, வேலையும் கிடைத்துவிட்டதாக அவள் கணவன் தெரு முழுக்கத் தம்பட்டம் அடித்துவிட்டான். அன்றிலிருந்து தினமும் காலையில் டிரைவர் சட்டையை மாட்டிக்கொண்டு, டிபன் டப்பாவோடு கிளம்பி, வேலை தேடிய நேரம் போக மிச்சப் பொழுதெல்லாம் பஸ் நிலையத்தில் உட்கார்ந்துவிட்டு, அலுத்துக் களைத்தவள்போல் திரும்பிக்கொண்டிருக்கிறாள். பக்கத்து வீட்டுக்காரி கை கால் வலிக்குத் தைலம்கூடக் கொடுத்தாகிவிட்டது.

அவள் பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். முதலாளி கையைக் காட்டி நிறுத்தினார். அவள் முகத்தைப் பார்க்கவில்லை. வலது காதையும் இடது காதையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஒண்ணுமே கேக்காதா?"

"ஒண்ணுமே கேக்காது சார்."

"இடி இடிச்சாக்கூட?"

"மின்னல் தெரியும்."

மீசை மெல்ல விரிந்தது. சாவியைத் தன் சட்டையிலேயே துடைத்து அவள் பக்கம் நகர்த்தினார்.

"இன்னைக்கு ஒரு ட்ரிப் போயிட்டு வாங்க. டைல்ஸ் லோடு. லோடு பாத்துக்க என் மச்சான் கூட வருவான், என் சம்சாரத்தோட தம்பி. திரும்பி வந்து அவன் சரின்னு சொல்லிட்டா வேலை உங்களுக்கு." பிறகு வாசல் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டார். "காது விஷயம் மட்டும் அவனுக்குத் தெரிய வேணாம்."

முதலாளியே பயப்படுகிற மச்சான் என்றால் எப்பேர்ப்பட்ட ஆளாக இருப்பார்!

லாரியில் ஏறி ஸ்டார்ட் செய்து, ஸ்டியரிங்கில் உள்ளங்கையைப் பதித்துப் பார்த்தாள். தடதடப்பே இல்லை. மடியில் தூங்கும் பூனை மாதிரி மெதுவாக உறுமிக்கொண்டிருந்தது. இந்த வண்டிக்கா ஒருத்தன் காதில் பஞ்சை அடைத்துக்கொண்டான்?

மறுபக்கக் கதவைத் திறந்து மச்சான் ஏறினார். அவள் ஒரு கும்பிடு போட்டுவிட்டு கியரைத் தட்டினாள். அதற்குமேல் அவர் முகத்தைத் திரும்பிப் பார்க்கவில்லை. ரோடும் கண்ணாடிகளும்தான் அவளுக்குக் காது. அவற்றிலிருந்து கண்ணை எடுக்க முடியாது.

ஓரக்கண்ணில் அவர் கைகள் மட்டும் தெரிந்தன. மேலே போயின, கீழே வந்தன, காற்றில் வட்டம் போட்டன, தொடையில் ஓங்கி அறைந்தன. ஒரு பாலத்தைத் தாண்டும்போது கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

போச்சு, நான் ஓட்டுவதைப் பார்த்து மனுஷன் நடுங்குகிறார் என்று நினைத்து வேகத்தைக் குறைத்தாள். கைகள் இன்னும் வேகமெடுத்தன. கொஞ்சம் வேகம் கூட்டினாள். இப்போது இரண்டு கைகளும் தலைக்கு மேலே போய்விட்டன. பக்கத்தில் யாராவது இருந்தால் அவ்வப்போது தலையை ஆட்டிச் சிரித்து வைப்பது அவள் பழக்கம். பயத்தில் அன்று வழி நெடுக ஆட்டிக்கொண்டே போனாள்.

கிடங்கில் லாரியை நிறுத்தி, மச்சான் இறங்கியதுதான் தாமதம். லோடு இறக்குகிற ஆட்கள் மூலைக்கொருவராக மறைந்தார்கள். ஒருவன் காலிப் பெட்டிக்குள்ளேயே உட்கார்ந்துகொண்டான். அவ்வளவு கண்டிப்பான ஆளா? ஒரு டைல்கூட விரிசல் விடவில்லை என்று தெரிந்தும் அவள் இன்னொரு தடவை சரிபார்த்தாள்.

திரும்பி வரும்போதும் அதே கைகள், அதே வட்டங்கள்.

கம்பெனி வாசலில் முதலாளி காத்துக்கொண்டு நின்றார். லாரி நின்ற வேகத்தில் மச்சான் குதித்து ஓடி அவர் தோளைப் பிடித்து உலுக்கினார். கண்ணெல்லாம் சிவந்து, முகமெல்லாம் கண்ணீர்.

அவள் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு இறங்கினாள். நாளைக்கும் பஸ் நிலையம்தான் என்று நினைத்தபடி மச்சானின் உதட்டையே பார்த்தாள். அவர் முதலில் சொன்னது 'பாப்பா'வா, 'மாமா'வா? உதட்டில் இரண்டும் ஒன்றுதான். முதலாளியின் மீசையைப் பார்த்து 'மாமா' என்று முடிவு செய்துகொண்டாள்.

"மாமா, என் ஆயுசுல நான் பேசினதை முழுசா காது குடுத்துக் கேட்ட ஒரே டிரைவர் இவங்கதான்!"