இரண்டாவது மணி

“ரெண்டாவது மணி அடிக்கிற வரைக்கும் போனை எடுக்காதே” என்று அம்மாவிடம் பதினோரு முறை சொல்லியாகிவிட்டது. பதினோரு முறையும் முதல் மணியிலேயே பாய்ந்து எடுத்துவிட்டாள்.

அப்படி எடுத்தால், கூப்பிடுவது யார் என்று காட்ட நான் மாட்டிய பெட்டியில் நம்பர் விழாது. முதல் மணிக்கும் இரண்டாவது மணிக்கும் நடுவில்தான் எக்ஸ்சேஞ்சிலிருந்து நம்பர் வரும். அந்தக் கொஞ்ச நேரம்கூட அம்மாவுக்குப் பொறுக்காது.

நான் படிப்பை நிறுத்திவிட்டு எலக்ட்ரிக் கடையில் வேலை பார்க்கிறேன். அங்கே தூசி படிந்து கிடந்தது இந்தக் காலர் ஐடி பெட்டி. முதலாளியிடம் கேட்டு வாங்கி வந்தேன். எக்ஸ்சேஞ்சில் எழுதிக் கொடுத்து, சுவர் ஒயரைப் பெட்டிக்கும் பெட்டி ஒயரைப் போனுக்கும் கொடுத்து, பேட்டரி போட்டு, தேதி, நேரம் எல்லாம் வைத்தேன்.

இவ்வளவு பாடும் அம்மாவுக்காகத்தான். வாசல் கேட்டில் ஒரு போர்டு மாட்டியிருக்கிறாள். ‘துணிகள் ஆல்டர் செய்து தரப்படும்’, கீழே எங்கள் நம்பர். மூன்று மாதத்தில் வந்தது ஒரே ஒரு ஜிப்.

ஆனால் போன் மட்டும் தினமும் வரும், நான் மதியம் சாப்பிட வருகிற நேரத்தை ஒட்டி. ஒரு நாள் இருமல் தாத்தா, ஒரு நாள் ஜலதோஷம் பிடித்த ஒரு பெண்மணி, மற்ற நாளெல்லாம் ஒரு ரிட்டயர்ட் மேஜர். எல்லாரும் அம்மாவின் கை நேர்த்தியைப் பற்றிக் கேள்விப்பட்டதாகச் சொல்வார்கள். கோட்டைத் தளர்த்த முடியுமா, பேன்ட்டைச் சுருக்க முடியுமா என்பார்கள். கட்டாயம் வருகிறேன் என்பார்கள். ஒருத்தரும் வந்ததில்லை.

நம்பர் தெரிந்தால் கூப்பிட்டு, வருகிறாயா இல்லையா என்று கேட்டுவிடலாம். அதுதான் என் திட்டம். ஏனென்றால் இந்த மாசக் கடைசிக்குள் யாரும் வராவிட்டால் தையல் மெஷினைத் தூக்கிப் பரணில் போட்டுவிடு என்று அம்மா சொல்லியிருந்தாள். சொன்னபோது குரல் சரியாக இல்லை. பெட்டி வந்த பிறகு ஏனோ அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

அப்பா சும்மா இருப்பாரா? ராத்திரி சாப்பிட உட்கார்ந்தால் போதும், இது வீடா லாண்டரியா என்று ஆரம்பித்துவிடுவார். முதலில் ஒரு நாள், யூனிஃபார்ம் கடையில் போய் வேலை கேளேன் என்றார். நான் என்ன கடை கடையாக ஏறி இறங்குவதா என்று அம்மா இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. அதோடு யோசனை சொல்வதை விட்டுவிட்டார். கிண்டலை விடவில்லை.

நேற்று மதியம் நான் வந்தபோது அம்மா வீட்டில் இல்லை. போன் அடித்தது. கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். முதல் மணி. பெட்டியில் நம்பர் விழுந்தது. இரண்டாவது மணி.

அந்த நம்பர் எனக்கு மனப்பாடம். பள்ளிக்கூடத்தில் நான் மாட்டிக்கொண்ட போதெல்லாம் ஹெட்மாஸ்டர் சுழற்றிய நம்பர். அப்பாவின் ஆபீஸ்.

எடுத்தேன்.

“ரிட்டயர்ட் மேஜர் பேசறேன். தையல்காரம்மா இருக்காங்களா?”

“அப்பா” என்றேன்.

அந்தப் பக்கம் ஒரு இருமல் கேட்டது. அது மேஜருடையது இல்லை, தாத்தாவுடையது.

வீட்டில் கிண்டல், போனில் பாராட்டா, இது என்ன கூத்து என்று கேட்டேன்.

“வீட்ல திடீர்னு பாராட்டினா உங்கம்மா நம்புவாளாடா? என்ன தப்பு பண்ணிட்டு வந்திருக்கீங்கன்னு கேட்பா. போனும் வரலைன்னா மெஷினை மூடிடுவா.” மேஜர் குரல் எங்கோ போய்விட்டது. “அவதான் முதல் மணியிலேயே எடுத்துடுறாளேன்னு தைரியமா இருந்தேன். அந்தப் பெட்டியை இன்னிக்கே கழட்டிக் கடையில கொடுத்துடு. தெரிஞ்சா நொறுங்கிப் போயிடுவா.”

போனை வைத்துவிட்டுப் பெட்டியின் ஒயரில் கை வைத்தேன். அம்மா உள்ளே வந்தாள், கையில் ஒரு பெரிய துணி மூட்டை. யூனிஃபார்ம் கடைக்குப் போயிருக்கிறாள். முப்பது பேன்ட்டுக்குக் கீழ் மடிப்பு வைக்கக் கொடுத்தார்களாம். ஒழுங்காக முடித்தால் வாராவாரம் தருவார்களாம்.

“அங்க கேட்டுப் பாருங்கன்னு மேஜர்தான் சொன்னார். தங்கமான மனுஷன்” என்றாள்.

எனக்கு நாக்கு அரித்தது. எதையும் மனசில் போட்டு வைக்க எனக்கு வராது.

“அம்மா, அந்த மேஜர் வந்து...”

“தெரியும்.” மூட்டையைப் பிரித்தாள். “நீ பெட்டி மாட்டின மறுநாள், நீ கடைக்குக் கிளம்பினப்புறம் போன் வந்தது. ரெண்டு மணி விட்டுப் பார்த்துட்டேன்.”

“அப்புறம் ஏன் என் எதிர்ல மட்டும் முதல் மணியிலேயே பாய்ஞ்சே?”

“நீ பார்த்தா நேரா அவர்கிட்டயே போய்க் கேட்டுடுவே. அவர் நிறுத்திடுவார்.” ஒரு பேன்ட்டை எடுத்து உதறினாள். “இருபது வருஷத்துல உங்கப்பா என் கை நல்ல கைன்னு ஒரு தடவை சொல்லியிருக்காரா? மேஜர் தினமும் சொல்றார்டா.”

இன்று மதியம் போன் அடித்தது. அம்மா மெஷினை விட்டு எழுந்து வந்தாள். பாயவில்லை. இரண்டாவது மணி வரை நின்றாள். பெட்டியைப் பார்த்தாள். கலைந்திருந்த முடியை இரண்டு கையாலும் ஒதுக்கிக்கொண்டு, அப்புறம்தான் எடுத்தாள்.

“சொல்லுங்க மேஜர் சார்.”

சாயங்காலம் அப்பா வருவதற்குள் பெட்டி மெஷின் டிராயருக்குள் போய்விடும். அவர் ஆபீஸ் போனதும் வெளியே வரும். நேற்றே திருப்பிக் கொடுக்கச் சொன்னார். நான் கொடுக்கவில்லை.