பதிமூணாம் நம்பர் பூட்ஸ்

"என் பிள்ளையை இறக்குங்க சார்! இன்னும் என்னத்துக்குக் காத்துக்கிட்டிருக்கீங்க?"

ஃபுட்பால் ஃபைனல் தொடங்கிப் பத்து நிமிடம் ஆகவில்லை. அதற்குள் மூன்று முறை கத்திவிட்டாள் பக்கத்து இருக்கைக்காரி.

ஒட்டடையின் அம்மாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அவள் மகன் ஒட்டடைக்கம்பு உயரம். டீமில் பெயரே அதுதான். இரண்டு வருடமாக பெஞ்சைத் தேய்த்தவன் இன்றைக்குத்தான் முதல் நிமிடத்திலிருந்து ஆடுகிறான். அதுவும் பக்கத்து இருக்கைக்காரியின் மகன், டீமின் நட்சத்திர ஃபார்வர்டு, செமி ஃபைனலில் முட்டியைப் பேர்த்துக்கொண்ட புண்ணியத்தில். அவன் பாதம் பதிமூணாம் நம்பர். அதனால் அவன் பெயர் படகு.

"டாக்டர் ஆறு மாசம் பந்தைத் தொடக் கூடாதுன்னாராமே?"

"டாக்டர் ஆயிரம் சொல்வார்க்கா. இவன் வலியே இல்லைங்கறான். செகண்ட் ஹாஃப்ல இறக்கறேன்னு கோச்சும் சொல்லிட்டார்." சொல்லிவிட்டுக் கீழே பார்த்து, "ரெடியா இருடா கண்ணா!"

பெற்ற வயிறா இது! ஒரு கப்புக்காகப் பிள்ளையின் காலையே காவு கொடுப்பாள் போலிருக்கிறதே. மடியில் ஒரு பெரிய பை வேறு. அதைக் கைக்குழந்தை மாதிரி அணைத்துக்கொண்டிருந்தாள். அந்த அக்கறையில் பாதியைப் பிள்ளையின் முட்டிமேல் காட்டினால் தேவலை.

மைதானத்தில் ஒன்றும் சரியில்லை. படகுக்குக் கொடுத்துப் பழகிய பசங்கள், ஒட்டடைக்கும் தரையோடு தரையாகப் பந்தை உருட்டினார்கள். நெட்டைக் காலில் பட்டு அது எங்கேயோ ஓடியது. எதிரணி ஒரு கோல் போட்டது.

இடைவேளை. அவர்கள் உட்கார்ந்திருந்த காலரிக்கு நேர் கீழேதான் டீமின் பெஞ்ச். திடீரென்று அங்கே ஒரே களேபரம்.

"என் பூட்ஸ் எங்கடா? காலையில பையிலதானே வெச்சேன்!" படகு அலறினான்.

எல்லாப் பைகளையும் கவிழ்த்தார்கள். சாக்ஸும் துண்டுமாகக் கொட்டியது. பூட்ஸ் மட்டும் இல்லை.

"வேற யாருதையாவது மாட்டுடா," என்றார் கோச்.

"இவனுங்க பூட்ஸ்ல என் கட்டைவிரல்தான் சார் நுழையும்!"

கீப்பர் கையுறையைக் கழற்றிக்கொண்டே சொன்னான்: "அது காணாமப் போனா யாருக்கு லாபம்? யோசிச்சுப் பாருங்கடா."

பத்து ஜோடிக் கண்கள் ஒட்டடைமேல் திரும்பின. பையன் முகம் செத்துவிட்டது.

ஒட்டடையின் அம்மா கீழே இறங்கப் படியைத் தேடினாள். கோல் போடாவிட்டால் போகிறது, திருடன் என்ற பெயரோடு வீட்டுக்கு வருவதா? அவள் எழுவதற்குள் பக்கத்து இருக்கைக்காரி எழுந்து நின்றாள்.

"டேய் கீப்பர்! அந்தப் பிள்ளைமேல பழி போட்டே, இறங்கி வந்து காதைத் திருகிடுவேன்! அவன் எடுக்கலை!"

"நீங்க பார்த்தீங்களா ஆன்ட்டி?"

"பார்த்தாத்தானா? எனக்குத் தெரியும்!"

அடேயப்பா, என்ன கரிசனம்! பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுகிற ரகம், என்று நினைத்துக்கொண்டாள் ஒட்டடையின் அம்மா.

படகு ஒரு நிமிடம் பெஞ்சைக் குத்தினான். பிறகு லேசாக நொண்டிக்கொண்டு டீமுக்கு நடுவில் வந்தான்.

"சரி, விடுங்கடா. எனக்குக் கொடுக்கற மாதிரி கொடுத்தா இவன் என்ன பண்ணுவான்? இனிமே தரையில உருட்டாதீங்க. தூக்கி அடிங்க! இவனுக்குத் தலைதான் காலு!"

அவ்வளவுதான். ஆட்டமே வேறாகிவிட்டது.

பந்து வானத்தில் வந்தது. ஒட்டடை எம்பினான். போஸ்ட்டில் பட்டுத் திரும்பியது. மறுபடி எம்பினான். கோல்! ஒன்றுக்கு ஒன்று.

காலரி ஆடியது. பக்கத்து இருக்கைக்காரி இன்னும் "என் பிள்ளையை இறக்குங்க!" என்று நடுநடுவே கத்தினாலும், கோலுக்கு அவள்தான் முதலில் குதித்தாள். பையை விடாமல்.

கடைசி நிமிடம். கார்னர்.

"ஒட்டடை! பின்னாடி போடா, பின்னாடி!" பெஞ்சிலிருந்து படகு தொண்டை கிழியக் கத்தினான்.

ஒட்டடை பின்னால் ஓடினான். பந்து எல்லாத் தலைகளையும் தாண்டி வந்தது. ஒரு தலையைத் தவிர.

கோல்! கூடவே விசில்!

பக்கத்து இருக்கைக்காரி "அக்கா!" என்று அலறிக் கட்டிக்கொண்டாள். இரண்டு கையாலும். பை கீழே விழுந்து வாயைப் பிளந்தது.

உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தது ஒரு பூட்ஸின் மூக்கு. படகு மாதிரி நீளம்.

ஒட்டடையின் அம்மா பூட்ஸைப் பார்த்தாள். அவளைப் பார்த்தாள்.

"சொல்லிடாதீங்கக்கா. போகாதேன்னா கேட்கிற வயசா அவனுக்கு? கத்தாம இருந்தா என்மேல சந்தேகம் வந்துடும்..." அவள் கண்ணில் தண்ணீர் கட்டி நின்றது.

இரண்டு பையன்களும் தோளில் கை போட்டுக்கொண்டு காலரிப் படி ஏறி வந்தார்கள். வலியே இல்லை என்றவன், இரண்டாவது படியிலேயே பல்லைக் கடித்தான்.

ஒட்டடையின் அம்மா குளிருக்குப் போட்டிருந்த ஸ்வெட்டரைக் கழற்றிப் பையின்மேல் போட்டு மூடினாள்.

"அம்மா, என் பூட்ஸ் இந்தப் பக்கம் எங்கேயாவது கண்ல பட்டுதா?"

அவன் அம்மா வாயைத் திறப்பதற்குள் இவள் முந்திக்கொண்டாள்.

"எங்கேப்பா போயிடப் போகுது? ஆறு மாசத்துல தானாக் கிடைக்கும்."